எண்ணையும் எழுத்தையும் பிரிக்காதீர்!

ஒரு கலைக்கல்லூரி வளாகத்துள் சென்று பாருங்கள். ஒரு கட்டடத்தில் தமிழ்த்துறை. அடுத்த கட்டடத்தில் வரலாற்றுத்துறை. சற்றுத் தள்ளிப் புதுச் சுண்ணமும் குளிரூட்டியுமாகக் கணிப்பொறித்துறை. முதலிரு கட்டடங்களில் பயில்வார்க்கு யாப்பும் கல்வெட்டும் தெரியும். ஆயிரம் பாடல்களை அலசி ஒரு கணக்கெடுக்கும் வழி தெரியாது. மூன்றாங் கட்டடத்தில் பயில்வார்க்கு நூறாயிரம் வரிகளை நொடியில் அலசும் வழி தெரியும். எதனை அலசுவது, ஏன் அலசுவது என்னும் வினா தெரியாது. அனைவரும் ஒரே வாயிலில் நுழைகின்றனர். ஒரே உணவகத்தில் உண்கின்றனர். மூன்றாண்டு கழித்து ஒருவர் கல்வியை ஒருவர் அறியாமலேயே பட்டம் பெற்று வெளியேறுகின்றனர். எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய ஓர் இனம், இன்று ஒரு கண்ணுக்கு ஒரு கட்டடம் கட்டி நடுவில் சுவரெழுப்பி வைத்திருக்கின்றது!

'தரவறிவியல்' என்னும் பெயரிற் புதுப்புதுப் பட்டப்படிப்புகள் முளைத்து வருகின்றன. சாலைதோறும் அவற்றின் விளம்பரத் தட்டிகள் நிற்கின்றன. பெற்றோர் கடன்பட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கின்றனர். ஆயினும் தரவறிவியல் என்பது யாது என அவர்க்கு அமைதியாக எடுத்துரைப்பார் அரியர். திரட்டிய செய்திகளைத் துப்புரவு செய்து, எண்ணி, ஒப்பிட்டு, அவற்றுள் உறையும் ஒழுங்கைக் கண்டு, அவ்வொழுங்கு மெய்யா பொய்த்தோற்றமா என ஆய்ந்து ஒரு முடிவிற்கு வருதல், இவ்வளவே தரவறிவியல். இதில் எண்ணுதல் ஒரு பகுதியே ஆகும். எதனை எண்ணுவது, எண்ணப்பட்டது எதனைக் குறிக்கின்றது, எண்ணாது விடப்பட்டது எது என்னும் மூன்றுக்கும் விடை கணிப்பொறிக்குள் இல்லை. அவ்விடை வரலாற்றில் இருக்கின்றது, மொழியில் இருக்கின்றது, குமுகாயவியலிலும் மெய்யியலிலும் இருக்கின்றது.

ஆகலின் யாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. கணிப்பும் தரவறிவும் ஒரு துறையின் தனிச்சொத்தாதல் கூடாது. கலைக்கல்லூரியின் ஒவ்வொரு துறையிலும், அத்துறைக்கே உரிய வினாக்களிலிருந்து தொடங்கி, மாணவர் எண்ணும் மொழியிலேயே அவை கற்பிக்கப்பெறுதல் வேண்டும்.

இஃது ஆகாத கனவென்று நகைப்பார் உளர். அவர்கள் அறுபதாண்டுகட்கு முன்பே ஒரு கலைக்கல்லூரி செய்துகாட்டிய செயலை அறியாதவர்கள்.

அமெரிக்க நாட்டின் வடகிழக்கில், நியூ ஆம்சயர் மாநிலத்தின் ஆனோவர் என்னும் சிற்றூரில் தார்ட்மத்துக் கல்லூரி உள்ளது. 1769-இல் தோன்றிய பழங்கல்லூரி அது. அங்குக் கணக்குப் பேராசிரியராக இருந்தவர் சான் கெமெனி. இவர் 1926-இல் அங்கேரி நாட்டின் புடாபெசுட்டு நகரிற் பிறந்த யூதர். நாசியரின் கொடுமைக்குத் தப்பி 1940-இல் குடும்பத்தோடு அமெரிக்கா புகுந்தவர். இளமையில் ஐன்சுடைனுக்குக் கணக்குத் துணைவராகப் பணியாற்றியவர். இவரோடு இணைந்து உழைத்தவர் புள்ளியியல் வல்லுநர் தாமசு கர்ட்சு.

அந்நாளைய கணிப்பொறி கோயிற் கருவறை போன்றது. உரியவர் தவிரப் பிறர் உள்ளே நுழைதல் இயலாது. பயன்கொள்ள விரும்புவோர் தம் நிரலைத் துளையட்டைகளிற் குத்திக் கொடுத்துவிட்டு, விடை வரும்வரை வெளியே காத்துக் கிடத்தல் வேண்டும். ஒரு காற்புள்ளி பிழைத்தாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதே. 1950-களில் தார்ட்மத்தில் அப்பொறிதானும் இல்லாமையால், கர்ட்சு துளையட்டைப் பெட்டியைச் சுமந்து தொடர்வண்டியேறி, மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்திற்குச் சென்று வந்தார்.

தார்ட்மத்து மாணவருள் அறிவியல் பயின்றோர் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினரே. எஞ்சியோர் இலக்கியமும் வரலாறும் அரசியலும் பயின்றவர். நாளை அரசிலும் வணிகத்திலும் முடிவெடுக்கும் இடத்திற்கு வரப்போவோர் பெரும்பாலும் இவர்களே. கணிப்பொறியைத் தொட்டும் பாராதவர், அதனைப் பற்றியும் அதனைக் கொண்டும் நாட்டுக்கு முடிவெடுத்தல் எங்ஙனம் முறையாகும்? இதுவே கெமெனியும் கர்ட்சும் எழுப்பிய வினா. அவ்வினாவிற்கு அவர்கள் கண்ட விடை, 'எல்லா மாணவர்க்கும் கணிப்பொறி' என்பது.

அதற்கு இரண்டு தடைகள் இருந்தன. பொறியோ ஒன்று, மாணவரோ பலர். எனவே ஒரே பொறி, ஒருவர் பணியில் நொடியின் சிறு கூறு செலவிட்டு உடனே அடுத்தவர் பணிக்குத் தாவுமாறு செய்தனர். அத்தாவல் மிக விரைவாக நிகழ்வதால், ஒவ்வொருவரும் பொறி தமக்கே உரியதாய் இருப்பதாக உணர்வர். இரண்டாவது தடை மொழி. அந்நாளைய நிரல்மொழிகள் வல்லுநர்க்கென்றே அமைந்தவை. அதனால் 'பேசிக்' என்னும் புதிய நிரல்மொழியை அவர்கள் ஆக்கினர். அதன் தொடக்க வடிவிற் கட்டளைச் சொற்கள் ஏறத்தாழப் பதினைந்தே. 'படி', 'அச்சிடு', 'எனில்', 'அடுத்து', 'முடி' எனப் பொருள்படும் அன்றாட ஆங்கிலச் சொற்கள் அவை. 'தரவு' என்று பொருள்படும் சொல்லும் அவற்றுள் ஒன்று! பொறியோடு தொடர்புகொள்ள வணக்கச் சொல். நீங்க விடைபெறுஞ் சொல். அம்மொழி 1964 மே 1 அன்று விடியற்காலை 4 மணிக்கு, இரு தட்டச்சு முனைகளிலிருந்து ஒரே வேளையில் இயங்கி, இரண்டிற்கும் சரியான விடை தந்தது. அவ்வமைப்பிற்கான நிரல்களில் பெரும்பகுதியை எழுதியோர் இளநிலை மாணவர்கள் என்பதை நம் கல்லூரித் தலைவர்கள் கருத்திற் கொள்க.

பின்னர் அவர்கள் செய்ததே நமக்கு மிகவும் வேண்டுவது. கணிப்பொறிக்கெனத் தனிப்பாடம் ஒன்றை வைத்து மாணவரை அச்சுறுத்தவில்லை. முதலாண்டுக் கணக்கு வகுப்பிலேயே சில விரிவுரைகளில் நிரல்மொழியைச் சொல்லிக்கொடுத்து, எஞ்சியதை மாணவர் தாமே செய்து பழகுமாறு விட்டனர். நூலகத்தில் மாணவர் நுழைந்து விரும்பிய நூலை எடுத்துப் படிப்பது போலக் கணிப்பொறியும் இருத்தல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. கட்டணம் இல்லை, ஒப்புதல் வேண்டுவதில்லை, எதற்காக என்று கேட்பார் இல்லை. பிழை செய்து, பிழை கண்டு, திருத்திக்கொள்ளும் உரிமை எல்லார்க்கும் கிடைத்தது.

தார்ட்மத்து குறையற்ற கல்லூரி அன்று. 1972 வரை அங்கு மகளிர்க்குப் பட்டப்படிப்பில் இடமில்லை. கெமெனி அக்கல்லூரியின் தலைவரான பின்னரே அக்கதவு திறந்தது. அதே கெமெனி, 1979-இல் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் நேர்ந்த கேட்டினை ஆராய அமைந்த குழுவிற்குத் தலைமையேற்றார். கணக்கையும் பொறியையும் கரைகண்ட அவர் தலைமையில் அக்குழு கண்ட முடிவென்ன? அடிப்படைக் குறை பொறிகளில் இருந்ததினும் அவற்றை இயக்கிய, கண்காணித்த மாந்தர்களிடத்தும் அமைப்புகளிடத்துமே மிகுதியாக இருந்தது என்பதே. பொறியை அறிந்தார் மாந்தரையும் அறிதல் வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று எதற்கு?

தார்ட்மத்தின் வெற்றியைப் பேசுவோர் இரண்டு கரணியங்களையே எடுத்துச் சொல்வர்: எல்லாத் துறையார்க்கும் கற்பித்தமை, கட்டின்றித் திறந்துவிட்டமை. மூன்றாவதொன்று உண்டு. அங்குப் பெரும்பாலான மாணவர்க்குப் பொறியின் கட்டளை அவர்தம் தாய்மொழிச் சொல்லாய் இருந்தது. விளக்கிய ஆசிரியரின் மொழியும், எழுந்த வினாவின் மொழியும், கிடைத்த விடையின் மொழியும் ஒன்றாய் இருந்தன. அவர்க்கு எளிய இயற்சொல்லாய் இருந்தது நம் பிள்ளைகட்கு உருப்போடும் திசைச்சொல் ஆகின்றது. ஓர் எளிமையின் உயிரை அங்கேயே விட்டுவிட்டு உடலை மட்டும் இங்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, 'நம் பிள்ளைகட்கு இது வரவில்லையே!' என்று வருந்துகின்றோம்.

எண்ணுவார்க்கு எழுத்துத் தெரியாவிடின் என்ன நேரும் என்பதற்கு நம் மொழியின் பெயரே சான்று. 'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்று தொடக்கப்பள்ளிக் குழந்தையும் சொல்லும். ஒருங்குறி முறையில் எழுதிய அதே சொல்லின் நீளத்தைப் பொதுநிலை நிரல்மொழி ஒன்றிற் கேளுங்கள். ஐந்து என்று சொல்லும். தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்தாக அது பிரித்து வைத்திருக்கின்றது. 'மொழி' என்பது நமக்கு இரண்டெழுத்து, அதற்கு நான்கு. பரவலாக வழங்கும் சேமிப்பு முறையில் 'தமிழ்' என்னும் மூன்றெழுத்து 15 பைட்டு இடத்தை எடுத்துக்கொள்கின்றது. அதனையே ஆங்கிலத்தில் எழுதினால் 5 பைட்டு போதும். தொல்காப்பியம் அறியாத கணிப்பொறியாளர் ஒருவர், தமிழ்ச் சொற்களின் நிரவல் நீளம் இவ்வளவென்று ஒரு கட்டுரை எழுதினால், அதில் நிரற்பிழை ஒன்றும் இராது. நெடுங்கணக்கே பிழையாய் இருக்கும்!

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். குறிலோ நெடிலோ தனித்தும் ஒற்றடுத்தும் வந்தால் நேரசை. குறிலிணையும் குறில்நெடிலும் தனித்தும் ஒற்றடுத்தும் வந்தால் நிரையசை. இஃது 'இன்னது வரின் இன்னது' என்னும் நெறியன்றோ? நிரலாக்கத்தின் முதற்பாடமும் அதுவே. ஓரடியை அசைபிரித்துச் சீராக்கித் தளை காணத் தெரிந்த மாணவர், நிரல் என்று பெயர் சொல்லாமலேயே நிரலாக்கம் பயின்றவர் ஆவர். அவரிடம் 'வெண்பாவின் தளை பிழைத்த இடத்தைக் கண்டு காட்டும் ஒரு நிரலை எழுதுக' என்று சொன்னால், அவர் தம் இலக்கணத்தை முன்னினும் ஆழமாக அறிவார். கணிப்பொறியையும் தம் கருவியாகக் கொள்வார். அயலவர் பண்டகசாலையின் விற்பனைக் கணக்கை அவரிடம் நீட்டி 'இதிலிருந்து தொடங்கு' என்றால், அவர் ஏன் அஞ்சி ஓடமாட்டார்?

வரலாற்றுத் துறைக்கும் ஓர் எடுத்துக்காட்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலம் குழியாலும் மாவாலும் வேலியாலும் அளக்கப்பெறுகின்றது. குழி நூறு கொண்டது ஒரு மா, மா இருபது கொண்டது ஒரு வேலி என்னும் வாய்பாட்டை வைத்துக்கொண்டு, எல்லாக் கல்வெட்டுகளின் குழிகளையும் கூட்டிச் சொல்லக் கணிப்பொறிக்கு ஒரு நொடியும் வேண்டா. ஆனால் அக்குழியை அளந்த கோல் எல்லாவிடத்தும் ஒன்றன்று. பன்னிரு சாண் கோலும் உண்டு. பதினாறு சாண் கோலும் உண்டு. ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உடைய குழி, முதற்கோலால் 144 சதுரச் சாண். இரண்டாங் கோலால் 256 சதுரச் சாண். ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு வேறுபாடு! கோலை அறியாது கூட்டிய தொகை எத்தனை புள்ளி நுட்பமாக அச்சிடப்பெற்றாலும் பொய்த்தொகையே. அதனைப் பொய்யென்று கண்டுசொல்ல வல்லவர் கல்வெட்டைப் படித்தவர் ஒருவரே.

இப்பிழை நிலக்கணக்கோடு நிற்பதாயின் நாம் இத்துணை கவலுறோம். இன்று பொறிகள் மாந்தரையே எண்ணத் தொடங்கிவிட்டன. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் பொறியமைப்புகளைச் சாய் புவோலம்வினி, திம்னித் கெப்ரு என்னும் இரு கறுப்பினப் பெண் ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2018-இல் தம் முடிவை வெளியிட்டனர். வெளிர்நிற ஆடவரிடத்து அவற்றின் பிழை மிகுந்து போனால் நூற்றுக்கு 0.8; கருநிறப் பெண்டிரிடத்தோ நூற்றுக்கு 34.7 வரை! பொறிக்கு நிறவெறி உண்டென்று கூறுதல் பேதைமை. அதனைப் பழக்கவும் சரிபார்க்கவும் எடுத்த முகங்களில் யார் மிக்கிருந்தார், யார் அருகியிருந்தார் என்பதே வினா. வெள்ளை முகமூடியை அணிந்த பின்னரே தம் முகத்தைப் பொறி முகமென்று கண்டது என்னும் பட்டறிவு அவ்வம்மையார்க்கு இருந்தது. அதனால் அவ்வினா அவர்க்குத் தோன்றிற்று. எண்ணாது விடப்பட்ட மக்கள் தாமே எண்ணக் கற்றாலன்றித் தமக்கு இழைக்கப்பெற்ற தீங்கை மெய்ப்பித்தல் இயலாது. நம் மக்கள் கணிப்பறிவு பெறவேண்டும் என்பதற்கு இதனினும் வலிய கரணியம் வேறில்லை.

எண்ணும் எழுத்தும் கைகோத்தால் என்ன விளையும் என்பதை நம்மவரே காட்டியுள்ளனர். இந்திய ஆட்சிப் பணியில் இருந்த ஐராவதம் மகாதேவன் சிந்துவெளி எழுத்துகளைக் கணிப்பொறிவழி வகைதொகை செய்து, 417 குறிகளை இனங்கண்டு, 1977-இல் அடைவு நூலாக வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டே, சப்பானியர்களான நொபோரு கராசிமா, தோரு மாட்சுயி ஆகியோரும் தமிழரான எ. சுப்பராயலுவும் இணைந்து, சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களின் அடைவை மூன்று தொகுதிகளாக வெளிக்கொணர்ந்தனர். பெயர்களையும் பட்டங்களையும் எண்ணி ஒப்பிட்டு, நிலவுடைமையும் அதிகாரமும் யார் கையில் இருந்தன என்று காண அது வழிவகுத்தது. இவர்களுள் எவரும் எந்தக் கட்டடம் தமக்குரியது என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

இனி, மறுத்துரைப்பார்க்கு விடை சொல்வோம்.

'கணக்கு வந்தால் இலக்கியச் சுவை கெடும்' என்பர் தமிழாசிரியர் சிலர். ஒரு புலவர் ஒரு சொல்லை எத்தனை முறை ஆண்டார் என்பதைப் பொறி சொல்லும். ஏன் ஆண்டார் என்பதைச் சுவைஞரே சொல்லுதல் வேண்டும். நாட்கணக்கிற் செய்யவேண்டிய எண்ணும் பணியைப் பொறியிடம் விட்டால், சுவைப்பதற்கு நேரம் மிகுமேயன்றிக் குறையாது.

'பணி வாய்ப்புக்கு ஆங்கிலமே வேண்டும். தமிழிற் கற்பித்தால் பிள்ளைகள் பிழைப்பது எங்ஙனம்?' என்பர் வேறு சிலர். ஆங்கிலம் படிக்க வேண்டா என்று யாம் சொல்லவில்லை. பதினைந்து இருபது அயற்சொற்களை எந்த மாணவரும் ஒரு கிழமையிற் கற்பர். அவையுங்கூடத் தமிழாகலாம் என்பதற்கு 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழி சான்றாய் இருக்கின்றது. மாணவரை வீழ்த்துவது கட்டளைச் சொல்லன்று. விளக்கவுரை முழுதும் புரியாத மொழியில் இருப்பதே. நிகழ்தகவு, திட்டவிலக்கம், இடைநிலை, முகடு, ஒட்டுறவு என்னும் சொற்களை நம் பிள்ளைகள் பள்ளிப் பாடநூல்களிலேயே கற்றிருக்கின்றனர். சொல் இருக்கின்றது, அறிவு இருக்கின்றது, கல்லூரி வாயிலில் அவ்விரண்டையும் கழற்றிவைத்துவிட்டு வா என்பது என்ன முறை?

'பொருள் எங்கே?' என்பர் ஆள்வோர். குளிரூட்டிய அறைக்குச் செலவிட்டதிற் பாதியை ஆசிரியர்க்குச் செலவிடுக என்பதே எம் விடை.

செய்யவேண்டுவன இவை. முதலாண்டிலேயே ஒவ்வொரு துறையிலும் அத்துறைக்குரிய தரவைக் கொண்டே கணிப்பறிவு கற்பிக்கப்பெறுதல் வேண்டும். தமிழ் மாணவர்க்கு யாப்பும் சொல்லடைவும். வரலாற்று மாணவர்க்குக் கல்வெட்டும் ஊர்ப்பெயரும். பொருளியல் மாணவர்க்குத் தம்மூர்ச் சந்தை விலை. நிலவியல் மாணவர்க்குத் தம்மூர் மழையும் ஏரியும். அவ்வகுப்பில் துறையாசிரியர் ஒருவரும் கணிப்பாசிரியர் ஒருவரும் சேர்ந்து நிற்றல் வேண்டும். கணிப்பொறித்துறை மாணவரும் மற்றொரு துறையின் பாடமொன்றை வினாவறிவு பெறுமளவிற்கு ஆழ்ந்து கற்றல் வேண்டும். கணிப்பொறிக் கூடம் நூலகம் போல மாலையிலும் திறந்திருத்தல் வேண்டும். உருப்போட்டு எழுதும் தேர்வுக்கு மாற்றாக, மாணவர் தம்மூர்ச் செய்தியொன்றைத் தாமே திரட்டி ஆய்ந்த முடிவு மதிப்பிடப்பெறுதல் வேண்டும். அவ்வாய்வின் முதற்பக்கத்தில், இத்தரவை யார் திரட்டினார், யாரைக் கேட்டுத் திரட்டினார், யார் விடுபட்டார் என்னும் மூன்று வினாக்கட்கும் விடை இருத்தல் வேண்டும். இவை அனைத்தும் தமிழில் நிகழ்தல் வேண்டும்.

தமிழ்ப் பேராசிரியப் பெருமக்களே! அரசாணை வரட்டும் என்று காத்திராதீர்கள். அடுத்த கட்டடத்திற்கு நடந்து செல்லுங்கள். அங்குள்ள ஆசிரியரிடம், "'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்று உம் பொறியைக் கேளும்" என்று சொல்லுங்கள். அது ஐந்தென்று விடை தரும்பொழுது அவர் வியப்பார்; நீங்கள் விளக்குவீர்கள்; மூன்றென்று சொல்லுமாறு அதனைத் திருத்துவதெப்படி என்று இருவரும் அமர்ந்து எண்ணத் தொடங்குவீர்கள். அதுவே முதல் வகுப்பு.

நம்மை நாமே எண்ணக் கல்லாவிடின், நம்மை அறியாதார் நம்மை எண்ணுவர். அவ்வெண்ணே நம் விலையாகவும் வரலாறாகவும் நிற்கும். எண்ணும் நமதாகட்டும், எழுத்தும் நமதாகட்டும், இடையில் நிற்கும் சுவர் இடியட்டும்!